மூன்று கதவுகளின் கீழோரம்

புட்டு அவித்தால் மணக்காது என்பது அந்த நாட்களில் என் சொந்தக் கண்டுபிடிப்பு. மீன் பொரித்தால் மணக்கும். மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டுக்குத் தும்மல் போகும். புட்டும் இடியப்பமும் அப்படியல்ல, தம்பாட்டில் வெந்துகொண்டிருக்கும். ஆகவே நோர்வேயில் மோர்டென்ஸ்ருட்டில் வாடகைக்கு வந்த நாளிலிருந்து நான் பொரியலைக் கைவிட்டுவிட்டேன். அடுப்புக்கு மேலிருந்த புகை உறிஞ்சும் விசிறியையும் போடுவதில்லை. அது மணத்தை இழுத்து நேரே மேல்வீட்டுக்காரரின் மூக்குக்குள் விடும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். ஜன்னலும் எப்போதும் பூட்டித்தான் இருக்கும்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அதற்கு முன்பிருந்த வீடு கறி மணத்தால்தான் கையை விட்டுப் போனது. மணம் உங்கள் கறியா என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார், ஓம் என்று உள்ளதைச் சொன்னோம், ஒப்பந்தம் முடிந்தபோது அவர் புதுப்பிக்கவில்லை. நடுப் பனிக்காலத்தில் தெரிந்தவர் வீட்டு ஹோலில் ஐந்து வாரம் படுத்தோம். அதற்குப் பிறகு கணவருக்கு நாட்டின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில், எரிவாயு ஆலை கட்டுகிற இடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். இன்னொரு தடவை வீடு போனால் ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தனியே அலையவேண்டும்.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வந்து வீட்டைப் பார்ப்பாராம், அதன்பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைக்கலாமாம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியை வீட்டுக்காரரின் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் அது தெரிந்தது. அடுப்புக்கு மேலிருந்த வெள்ளை அலுமாரியின் மூன்று கதவுகளிலும், கீழோரத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பட்டி கழன்று நாக்குப்போலத் தொங்கியது. உள்ளே மரத்தூள் பலகை ஊறிப் பருத்திருந்தது. இரண்டு வருடம் புட்டுப்பானையின் ஆவி நேரே போய் அடித்த இடம். மணத்துக்குப் பயந்து நான் செய்த கெட்டித்தனம், வீட்டுக்காரரின் அலுமாரியை அவித்துவிட்டிருந்தது.

கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, குசினி அலுமாரி பழுதாப் போச்சு. அந்தாள் வெள்ளிக்கிழமை வருது."

"நீர் பயப்பிடாதையும். உள்ளதைச் சொல்லும்."

"உள்ளதைச் சொல்லித்தானே போன வீடும் போனது!"

ஹம்மர்பெஸ்டில் இருந்துகொண்டு பயப்பிடாதே என்று சொல்ல யாருக்கும் முடியும் என்று எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கட்டடச் சாமான் கடைக்குப் போனேன். கழன்ற பட்டியில் ஒரு துண்டைக் கைப்பைக்குள் கொண்டுபோயிருந்தேன். கடைப் பெண் அதே வெள்ளையில் ஒரு சுருள் எடுத்துத் தந்தாள். பின்பக்கத்தில் பசை இருக்கிறது, பலகையின் ஓரத்தில் வைத்து அயனால் சூடு காட்டினால் பிடித்துக்கொள்ளும் என்றாள். பலகையைவிடப் பட்டி கொஞ்சம் அகலமாக இருக்கும், இரண்டு பக்கமும் மிஞ்சுவதைக் கூரான கத்தியால் சீவவேண்டும், கடைசியில் விளிம்பின் கூர் போக அரத்தாளால் மெதுவாகத் தேய்த்துவிடவேண்டும். அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

புதன்கிழமை கதவுகளைக் கழற்றினேன். ஒரு கதவுக்கு இரண்டு பிணைச்சல். ஒவ்வோர் ஆணியையும் ஒரு கிண்ணத்தில் போட்டேன். ஆணி கிண்ணத்தில் விழும் சத்தம்கூட மேல்வீட்டுக்குக் கேட்குமோ என்று பயந்து கிண்ணத்துக்குள் துணி விரித்தேன். ஊறிப் பருத்த இடத்தை இறைச்சிக் கத்தியால் சுரண்டி மட்டமாக்கினேன். பிறகு பட்டியை வைத்து, அயன் சூடானதும், என் கை தன்பாட்டில் தண்ணீரைத் தொட்டுத் தெளித்துவிட்டது. பருத்திச் சேலை மினுக்கிப் பழகிய கை. உஸ் என்று ஆவி கிளம்பியது, பட்டி அப்பளம்போலச் சுருண்டது. ஆவியால் வந்த வினையைத் தீர்க்கப்போய் மறுபடியும் ஆவி காட்டியிருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை தண்ணீர் இல்லாமல், மெதுவாக, மரக்கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். அது பிடித்துக்கொண்டது. ஆனால் சீவுவதற்குக் கத்தியை வைத்தால் அது நேராகப் போகவில்லை. கத்தி வழுக்கிக் கதவின் வெள்ளை முகப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறியது. நான் கத்தியைப் போட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரு பழுதை மறைக்க வெளிக்கிட்டால் இன்னொரு கீறல். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை.

அப்படி இருந்தபோதுதான் மேசைக்குக் கீழே கிடந்த அரிவாள் கண்ணில் பட்டது. ஊரிலிருந்து பெட்டிக்குள் வந்தது, காலால் மிதித்துக்கொண்டு காய் வெட்டுகிற அரிவாள். எனக்குக் கத்தியைப் பிடித்து வெட்டிப் பழக்கமில்லை. அரிவாள் அசையாது நிற்கும், நாங்கள்தான் காயைக் கொண்டுபோய் அதில் கொடுப்போம். அதுபோலவே குந்தியிருந்து, அரிவாளின் அடிப்பலகையை மிதித்துக்கொண்டு, அலுமாரிக் கதவை இரண்டு கையாலும் தூக்கி, மிஞ்சிய பட்டியை அரிவாளின் வாயில் கொடுத்து இழுத்தேன். வாழைப்பூ மடல்போல நீளமாக ஒரு வெள்ளைச் சீவல் சுருண்டு விழுந்தது. மூன்று கதவையும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன்.

அரத்தாளால் மட்டும் தேய்க்கவில்லை. அதனால் வெள்ளையில் இன்னும் கீறல் விழும் என்று பயம். ஓரம் கண்ணாடிபோல மின்னியது, அது போதும் என்று கதவுகளைத் திரும்பப் பொருத்தினேன். கீறல் விழுந்த கதவில் மகள் கீறிய படமொன்றை ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். உயரமான, அதிகம் கதைக்காத மனிதர். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு ஒவ்வோர் அறையாகப் போனார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். சுவரைத் தட்டினார். நான் பின்னாலே போனேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு அவருடைய ஒவ்வொரு "ம்ம்" உம் வீட்டைவிட்டு எழும்பு என்றே கேட்டது.

குசினிக்கு வந்தார். மகளின் படத்தைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். பிறகு கை நீட்டி, நடுக் கதவின் கீழோரத்தில் பெருவிரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தார்.

"ஆவ்!"

பெருவிரலில் இருந்து இரத்தம் வந்தது. அரிவாள் சீவிய விளிம்பு, அரத்தாள் காணாத விளிம்பு, சவர அலகு மாதிரி நின்றிருக்கிறது. இரத்தத் துளி வெள்ளை மேசைத்தட்டில் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஒரே நினைப்புத்தான். மூளை நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. அது அலுமாரியைத் திறந்து, மஞ்சள்தூள் பேணியை எடுத்து, ஒரு கை மஞ்சளை அள்ளி அவருடைய பெருவிரலில் அப்பி இறுக்கிப் பிடித்துவிட்டது. எங்கள் வீடுகளில் வெட்டுக்காயத்துக்கு வேறென்ன செய்வார்கள்? பிளாஸ்டர் இழுப்பறைக்குள் இருந்தது, நினைவே வரவில்லை.

அவர் தன் விரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கதவிலும் இரத்தமும் மஞ்சளும். ஈரத் துணியை எடுத்து அவசரமாகத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மஞ்சள் கரைந்து பட்டிக்கும் பலகைக்கும் இடையே இருந்த இடுக்குக்குள் இறங்கியது. கதவின் முகப்பிலிருந்து போய்விட்டது, இடுக்கில் நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கவே, நான் ஒட்டிய இடம் முழுவதும், கோணல்மாணலாக, ஒரு மஞ்சள் கோடு எழும்பியது. கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"இது புதிதாக ஒட்டியது," என்றார் அவர் நோர்வேஜிய மொழியில். "யார் செய்தது?"

கணவர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான்," என்று வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில், முன்பிருந்த வீடு, கறி மணம், பனிக்காலம், புட்டுப்பானை, பூட்டிய ஜன்னல், போடாத விசிறி எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று கதவுக்கும் பதிலாகப் புதுக்கதவு வாங்கித் தருகிறேன், எங்களை வீட்டைவிட்டு எழுப்பவேண்டாம் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் முன்னால் அழுததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் நல்ல கையை நீட்டி, அடுப்புக்கு மேலிருந்த விசிறியைத் தட்டினார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அது இரைந்தது.

"இதன் குழாய் வெளியே போகிறது," என்றார். "மேல்வீட்டுக்கு அல்ல. மேல்வீட்டில் இருந்து எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை."

மேசையில் இருந்து ஒப்பந்தத் தாள்களை எடுத்தார். அவற்றைக் கொண்டுவந்திருந்தாரா என்றுகூட நான் கவனித்திருக்கவில்லை. மூன்று வருடம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தாளைப் பிடித்த பெருவிரல் மஞ்சள் என்பதால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ரேகை விழுந்தது. போகும்போது, "அந்த ஓரத்தை அரத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிள்ளை இருக்கிற வீடு," என்றார்.

கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "என்னப்பா, அந்தாளிட்டைக் கைநாட்டும் வாங்கிப்போட்டீரோ?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று பின்னேரம் மீன் வாங்கிவந்து பொரித்தேன். விசிறி போட்டேன், ஜன்னலைத் திறந்தேன். எண்ணெய் சத்தம் கேட்டு மகள் ஓடிவந்து, "அம்மா, இண்டைக்குப் பொரிக்கலாமோ?" என்று கேட்டாள். "ஓம், இனிப் பொரிக்கலாம்," என்றேன். அந்த நேரம் மேல்வீட்டில் யாரோ கதிரையைக் கரகரவென்று இழுத்தார்கள். நான் சட்டென்று அடுப்பை நிறுத்தினேன். மகள் போய், ஒன்றும் கேட்காமல், ஜன்னலைப் பூட்டினாள்.