மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டிய இறைச்சி

எங்கள் செயின்ட் ஆஸித் தேவாலயப் பங்கில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவர்கள் எல்லோரும் கசாப்புக்காரர்கள் கொடுத்ததைத் தின்று கொழுத்தார்கள். ஆம்ப்ரோஸ் டில்லி ஒருவர்தான் அடிபட்டார். அதற்குமுன் அவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். வட்டார நிர்வாகத்தைப் பார்க்கும் பங்கு மன்றத்தில் பாதிப்பேர் கசாப்புக்காரர்கள், மீதிப்பேர் அவர்களுடைய மச்சான்கள். சாது, சொன்னபடி ஆடுவார் என்று நம்பித்தான் வேலை கொடுத்தார்கள். அவருக்கு வண்டி தள்ளியவன் நான், நெட் கோப்.

கசாப்புக்காரன் பிராக்கின் கடை சாசேஜைத் தின்று வீலன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் செத்தன. வழக்கு நிற்கவில்லை. இறைச்சியை மாஜிஸ்திரேட் கண்ணால் பார்த்தால்தான் சட்டம் அசையும். பிராக்கோ அத்தனையையும் விற்றுத் தீர்த்திருந்தான். அதற்குப்பின் டில்லிக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மறுமாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நோயில் செத்த மாட்டைப் பிராக் அறுத்துத் தொங்கவிட்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தார். ஈரலெல்லாம் சீழ். ஈரலையும் ஒரு தொடையையும் வண்டியில் ஏற்றினோம். நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் எழுந்து போய்விடுவார்.

"யோவ் டில்லி, அது என் நாய்க்கு வச்ச கறிய்யா!" என்றான் பிராக்.

"உன் நாய் கடைக் கொக்கியில தொங்குறதத்தான் தின்னுமோ?"

"கறிய எறக்கு. இல்லேன்னா அதே கொக்கியில உன்னை மாட்டிருவேன்."

எங்கள் கசாப்புக்காரர்கள் கல்யாணத்துக்கு வெட்டுக்கத்தியை எலும்பால் தட்டி மேளம் கொட்டுவார்கள். அன்று பிராக் தட்டினான். தெருமுழுக்கப் பதில் தட்டல் கேட்டது. எட்டுப் பேர் ஓடிவந்தார்கள்.

முதல் குத்திலேயே டில்லிக்குப் பல் போயிற்று. அவர் திருப்பி அடிக்கவில்லை. வண்டியில் ஏறி இறைச்சிமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "தள்ளுடா நெட்!" என்று கத்தினார்.

தள்ளினேன். முதுகில் மிதித்தார்கள். தொடையைப் பற்றியிருந்த வலதுகை விரல்களை எலும்பால் நசுக்கினார்கள். ஒவ்வொரு விரலாக. முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் பிடியை விடவில்லை. பயத்தில் எனக்கு மூத்திரம் போய்விட்டது, சொல்ல வெட்கமில்லை. குறுக்கே நின்றவன் காதைக் கடித்துத் துப்பினேன். அவன் அலறி விலகினான், வண்டி பாய்ந்தது.

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் கோர்ட்டுக்குள் வண்டியோடு நுழைந்தோம். மாஜிஸ்திரேட் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கொளுத்துங்க" என்றார். டில்லியின் கையை அவர் பார்க்கவேயில்லை.

மறுவாரம் பிராக்குக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. டில்லிக்கு ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை வெட்டினார்கள். படுக்கைக்கே பங்கு மன்றத்தின் கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். அறிக்கை எழுதக் கை இல்லாதவரை வேலையில் வைத்திருக்க இயலாதாம். புது ஆள் தேவையா என்று அடுத்த ஆண்டு யோசிப்பார்களாம். பாவிகள்!

"இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டார்.

"சனி."

"கடைங்களப் பாக்க யாரு போறா?"

"யாருமில்லண்ணே."

காலைத் தரையில் ஊன்றி எழுந்தார். "படுங்கண்ணே" என்று தோளை அழுத்தினேன். கட்டுப்போட்ட மொட்டைக்கையால் என் முகத்தில் அடித்தார். மறுபடியும் அடித்தார். கட்டு ரத்தத்தில் ஊறியது. அவர் அழுது ஓயும்வரை நான் அவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.