மூன்று மணிச் செபக்கூட்டம்

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் டூட்டிங்கிலிருந்து இரண்டு பஸ் தள்ளியிருந்த ஒரு பழைய ஆங்கிலேயக் கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பார்த்துக்கொண்டேன். கதவு திறப்பது, ஹீட்டர் போடுவது, நாற்காலி அடுக்குவது, முடிந்ததும் பூட்டுவது. கிழமை நாட்களில் பக்கத்து மருத்துவமனையில் துப்புரவு வேலை.

அந்த இலையுதிர்காலத்தில் மூன்று மணிக்கு ஒரு புதிய கூட்டம் வரத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் கறுப்பினத்தவர். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்கள். திருநங்கை என்ற சொல் அப்போது எங்களிடம் இல்லை. இருந்த சொற்களை அந்த மண்டபத்துக்குள் நின்று நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கூட்டத்தை நடத்தியவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஜமைக்காவில் பிறந்தவர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வளர்ந்த சபையில் பிரசங்கம் செய்தவராம். பெண்ணுடையில் போன முதல் ஞாயிறே வாசலில் மறித்துவிட்டார்கள். “வேதாகமத்தை வைத்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்,” என்றார். கூட்டத்துக்கு வந்தவர்கள், எயிட்ஸ் வந்து தனியாகக் கிடந்தவர்களின் அறைகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, சூப் பருக்கி, பக்கத்தில் இருந்து செபித்தார்கள். செபக்கூட்டத்தில் பாதி நேரம் அடுத்த கிழமை யார் யாரிடம் போவது என்ற பேச்சுத்தான்.

கூட்டத்தில் ஒருத்தி திரைச்சீலைக் கடையில் தையல் வேலை செய்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவள் பாடும்போது நான் கூட்டுமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்பேன்.

நவம்பரில் எதிர்ப்பக்கத்தில் ஒரு மண்ணிறக் கார் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர். இறங்கவில்லை. மூன்று ஞாயிறு அதே இடத்தில் நின்றது. இலங்கையில், மன்னாரில் எங்கள் கோயிலுக்கு எதிரே ஓர் இராணுவ ஜீப் இப்படித்தான் நின்றது. நாலாம் நாள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது.

காரைப் பற்றிச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் யன்னலுக்கு வரவேயில்லை. “முந்திய இடத்திலும் நின்றது. அதனால்தான் நாங்கள் இரண்டிரண்டு பேராகப் போகிறோம்.”

வீட்டில் மனைவி கோபப்பட்டாள். “உங்களுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? எங்கட அகதிக் கேஸே இன்னும் முடியேல்லை. நாளைக்குப் பொலிஸ் வந்து உங்களையும் கேட்டா என்ன சொல்லுவியள்?”

“நான் கதவைத் திறக்கிறன், பூட்டிறன். அவ்வளவுதான்,” என்றேன்.

டிசம்பரில் மண்டபத்துத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். ஒரு ஞாயிறு ஆங்கிலத்தில் ஓர் ஆணின் குரல் வந்தது. மரியாதையான, மெல்லிய குரல். “மூன்று மணிச் செபம் எத்தனை மணிக்கு முடியும், ஐயா?”

‘ஐயா’ என்று இந்த நாட்டில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நாலரை என்று சொல்லிவிட்டேன்.

அன்று தையல்காரியோடு வழக்கமாகப் போகிறவளுக்குக் காய்ச்சல். நாலரைக்கே இருட்டிவிட்டது. அவள் தனியாகப் போனாள். ரயில் பாலத்தின் கீழே மூன்று பேர் மறித்து அடித்தார்கள். தாடை உடைந்தது.

அவளை ஆண்கள் வார்டில் போட்டார்கள். நான் வேலை செய்த அதே மருத்துவமனை. பார்க்கப் போன சிஸ்டரை, குடும்பத்தார் மட்டுந்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் என்னைத் தேடி வந்தார். “நீ யூனிபோர்மில் போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.”

வாளியையும் தள்ளிக்கொண்டு போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினாள்: ‘அப்பா கூட்டிக்கொண்டு போகப்போகிறார்.’ பிறகு கைகளைக் கூப்பிக் காட்டினாள். எனக்குச் செபம் தமிழில்தான் வரும். அருள் நிறைந்த மரியே சொன்னேன். முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

திரும்பினால் கறுப்பு சூட் போட்ட ஒருவர், கையில் வேதாகமத்தோடு நின்றார். “என் மகனுக்காகச் செபித்ததற்கு நன்றி, ஐயா.”

தொலைபேசியில் கேட்ட அதே குரல் என்று சத்தியம் செய்ய இன்றைக்கும் என்னால் ஏலாது. ‘ஐயா’ என்று எத்தனையோ பேர் சொல்வார்கள்.

“உங்கள் மகள் மிக நன்றாகப் பாடுவாள்,” என்றேன்.

அவர் சிரித்தார். “இனி எங்கள் சபையில் பாடுவான்.”

அடுத்த நாள் காலையில் அந்தக் கட்டிலில் யாரோ ஒரு கிழவர் படுத்திருந்தார். அவள் எங்கே என்று தாதிமாருக்குத் தெரியவில்லை. கடைக்கும் அவள் திரும்பவில்லை. சிஸ்டர் பொலிஸுக்குப் போனார். குடும்பத்தோடு இருக்கிறாரே, பிறகென்ன என்று கேட்டார்களாம்.

தொலைபேசியில் நான் சொன்னதைச் சிஸ்டரிடம் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “அடித்தது நீயில்லை,” என்றார் கடைசியில். “ஆனால் அந்தப் போனை இனி எடுக்காதே.”

மார்ச்சில் அந்தக் கோயில் பாதிரியாருக்கு இந்தக் கூட்டத்துக்கு எதிரான கடிதங்கள் வரத் தொடங்கின. மண்டபத்தை இனித் தர ஏலாது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கடைசி ஞாயிறு நாற்காலிகளை எல்லோரும் சேர்ந்து அடுக்கினோம்.

“இனி எங்கே கூடுவீர்கள்?” என்று கேட்டேன்.

சிஸ்டர் என் தோளில் கை வைத்தார். “சொல்ல மாட்டேன், சகோதரா. கோபமில்லை. உனக்குத் தெரியாவிட்டால் உன்னிடமிருந்து யாரும் அதை வாங்க முடியாது.”

அங்கேயே நின்று எனக்காகவும் என் கேஸுக்காகவும் செபித்தார். பிறகு இரண்டிரண்டு பேராக பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். எந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்று பார்க்காமல் நான் உள்ளே திரும்பிக் கதவைச் சாத்தினேன்.