பெரியம்மாவுக்குக் கண் தெரிஞ்ச நாள்

ஆசுப்பத்திரியில் நேர்ஸ் பிள்ளை என்ரை கண் கட்டை அவிழ்க்கேக்கை, பஞ்சிலை மருந்து மணந்தது. அது பெரியம்மாவின்ரை மணம்.

நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது பெரியம்மாவின்ரை இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. அடுப்பிலை ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டை வைச்சு ஊதின புகையாலை வந்ததெண்டு சனம் கதைச்சது. எனக்கு இப்ப வந்தது வயதாலும் சீனி வருத்தத்தாலுமாம். எங்கடை ஊர் சண்டிலிப்பாய் முழுக்க என்ரை தங்கச்சியைத்தான் வடிவு எண்டு கொண்டாடும். பெரியம்மா மட்டும் என்ரை முகத்தைத் தடவிப் பார்த்து, "என்ரை மூத்தவள்தான் வடிவு" என்பா.

"தங்கச்சிக்குக் கேட்கச் சத்தமாச் சொல்லுங்கோ, பெரியம்மா" என்பன் நான்.

பிறகு பெரியம்மாவுக்கு ஒப்பரேசன் நடந்தது. அந்தக் காலத்தில் தலையை அசைக்காமல் நாள்கணக்காகக் கிடக்க வேணும். தடிச்ச கண்ணாடியோடை வீட்டுக்கு வந்தவ, எங்கள் இருவரையும் முன்னுக்கு நிறுத்தினா. நான் தலை இழுத்துச் சீவி, பொட்டும் வைச்சுக்கொண்டு நிண்டன். அவ மாறி மாறிப் பார்த்திட்டு, தங்கச்சியின்ரை நாடியைப் பிடிச்சு முகத்தை நிமிர்த்தினா.

"எடியே, இவள் என்ன வடிவு! இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமற் போச்சே!"

அண்டைக்கு அந்த டொக்டரிலை வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கட்டு முழுக்க அவிழ்ந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்த தங்கச்சி முன்னால் நிண்டாள்.

"அக்கா, தெரியுதோ?"

"ஓமடி, நல்லாத் தெரியுது. உன்ரை முகமெல்லாம் சுருக்கம்."

அவள் கோபிக்கவில்லை, சிரிச்சாள். சிரிக்கேக்கை, பாவி, இப்பவும் வடிவாய்த்தான் இருந்தாள்.