கதவு விளையாட்டு

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் வாயே திறக்க மாட்டான். ஆனால் வருடா வருடம் லீவு போட்டுவிட்டு, சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு வெளிநாட்டு அனாதை விடுதிகளில் கோமாளி வேஷம் கட்டப் போய்விடுவான். "பெத்த அம்மாகிட்ட ஒரு நாளாவது சிரிச்சுப் பேசுறியா?" என்று நான் எரிந்து விழுவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான்.

அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கதவு விளையாட்டு. டாட்டா காட்டிவிட்டு வெளியே போவான். பிள்ளைகளின் முகம் வாடும்போது கதவைத் திறந்துகொண்டு தடுமாறி உள்ளே விழுவான். இப்படி மூன்று முறை. விடுதியே சிரிப்பில் அதிரும். நான்காவது முறை போனால் நேராக வேனில் ஏறிவிடுவான்.

இந்தத் தடவை அவன் திரும்பி வந்து நாலு நாள் கழித்து, கூடப் போயிருந்த டாக்டரம்மா போன் செய்தார்.

"அந்த விடுதியில ஒரு சின்னப் பொண்ணு இன்னும் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்காளாம். கோமாளி வெளியிலதான் நிக்கிறான்னு சொல்றாளாம். அவ அம்மாவும் அந்தக் கதவு வழியாத்தான் போனாங்களாம்."

அண்ணன் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தினான். உடனே கதவு மறுபடி திறந்தது.

"அம்மா, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுவேன்."

இத்தனை வருடத்தில் அவன் நேரம் சொல்லிவிட்டுப் போனது அன்றுதான். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.