பேச்சு கூடாத ஆறு வாரம்

பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வர மூன்று மாதம்கூட இல்லாத சமயத்தில் என் குரல் போயிற்று. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், ஐந்து வகுப்புகளில் கத்திவிட்டு வருவேன். கத்தினால்தான் பாடம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் கரகரப்பு. சுக்குக் கஷாயம் குடித்துச் சமாளித்தேன். பிறகு ஒருநாள் வருகைப்பதிவு எடுக்கும்போது பாதிப் பெயர்களில் வெறும் காற்றுதான் வந்தது. செங்கல்பட்டில் தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் என் நாக்கை இழுத்துப் பிடித்து, சிறிய கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல வீக்கம் இருக்கு. ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். வடிஞ்சிட்டா நல்லது. வடியலைன்னா கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

"எதுக்கு சார் டெஸ்ட்?" என்று கணவர் கேட்டார்.

"அதை அப்போ பார்த்துக்கலாம்."

அந்த ஒரு பதிலைத்தான் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். கணவரிடம் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது.

மறுநாள் ஒரு நோட்டில் விவரத்தை எழுதித் தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லீவு போட்டா பதிலுக்கு ஆள் தர மாட்டாங்கம்மா. வந்தாலோ பேச முடியாது. பேசாத டீச்சரை வச்சிகினு நான் இன்னா பண்றது?"

அவர் பின்னால் இருந்த பீரோவின் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. போன வருடம் பள்ளிக்கு வந்த ஓ.எச்.பி. எந்திரம். கண்ணாடித்தாளில் எழுதி அதன் மேல் வைத்தால், எழுதியது பெரிதாகச் சுவரில் விழும். பல்பு போய்விட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அவர் அதைப் பிரிக்கவே இல்லை. நான் அந்தப் பெட்டியைக் காட்டினேன்.

"அதுவா? அது ஸ்டாக்குல கீதும்மா" என்றார், ஸ்டாக்கில் இருப்பதே அதன் வேலை என்பதுபோல. என் கழுத்தைச் சுற்றியிருந்த மஃப்ளரைப் பார்த்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னார்.

அன்றிரவு உட்கார்ந்து இதயம் பற்றிய பாடத்தை இரண்டு தாளில் நெருக்கமாக எழுதி முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. காலையில் எந்திரத்தைப் போட்டால், ஜன்னல் வழியே வந்த கடற்கரை வெயிலில் சுவரில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பிள்ளைகள் எழுந்து எழுந்து பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்:

"டீச்சர், எறும்பு ஊர்ற மாரி கீது. ஒண்ணியும் தெரில."

கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். வகுப்பிலேயே பெரிய தொண்டை. 'வாயை மூடு' என்று நான் தினமும் அதட்டுகிற பெண். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதட்ட எனக்கு வாய் இல்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு சட்டென்று நின்றது.

வீட்டில் கணவர் அந்தத் தாள்களை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். "புஸ்தகத்த அப்படியே எழுதிருக்க. ஒரு தாளுக்கு அஞ்சு வரி போதும்லா. படத்தப் பெருசாப் போடு."

மறுநாள் பள்ளிக்குப் போனபோது ஜன்னல்களில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்தது. கருவாட்டு வாசம் மூக்கைத் துளைத்தது. புழுக்கம் தாங்கவில்லை. ஆனால் சுவரில், கரும்பலகைக்குப் பக்கத்துச் சுண்ணாம்பில், ஓர் ஆள் உயரத்துக்கு இதயம் விழுந்தது. அதன் மேல் இன்னொரு தாளை மெதுவாக வைத்தேன். சிவப்பு அம்புக்குறிகளும் நீல அம்புக்குறிகளும் இதயத்துக்குள் ஓடின. "ஹா" என்றது வகுப்பு.

கீழே ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தேன்: நீலம் எங்கே போய்ச் சிவப்பாகிறது?

கடைசி வரிசைப் பெண்ணைக் கைகாட்டி முன்னே அழைத்தேன். வாசி என்று சைகை செய்தேன். திட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்தவள், கேள்வியைக் கணீரென்று படித்தாள். பிறகு யாரும் பேசவில்லை. முன்பெல்லாம் கேள்வி கேட்ட கையோடு நானே பதிலையும் சொல்லிவிடுவேன். இப்போது வேறு வழியில்லாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு ஒரு சுற்று முடிந்துவிட்டது.

"நுரையீரலா டீச்சர்?" என்றது ஒரு குரல்.

"அது எப்டி? அம்புக்குறி வெளிய போவுது பாரு."

"வெளிய போயி திரும்பி வர்துல்ல, அதான் நுரையீரல்!"

அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டு, புத்தகத்தைப் புரட்டி, விடைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு அப்படித்தான் நடந்தது. இரவில் தாள் எழுதுவேன், பகலில் அவள் வாசிப்பாள், மற்றவர்கள் வாதாடுவார்கள். விடைகளை ஒரு காகிதத்தால் மறைத்துவைத்து வரி வரியாக இறக்குவேன். தலைமையாசிரியர் மட்டும் நாளுக்கு இரண்டு தடவை வாசலில் வந்து எந்திரத்துக்குள் பல்பைக் குளிர்விக்கும் மின்விசிறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவார்.

நான்காவது வாரம் 'டப்' என்று ஒரு சத்தம். சுவர் இருண்டது. அவர் ஓடி வந்தார்.

"போச்சா? நான் சொன்னேனே! பல்பு மெட்ராஸ்ல கூட ஆர்டர் குட்த்தாதான் வரும்!"

பாடத்தில் இன்னும் கால்வாசி பாக்கி. அவர் அறைக்குப் போய் எந்திரத்தின் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில், பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறு புத்தகம். நின்றுகொண்டே புரட்டினேன். ஒரு பக்கத்தில் எந்திரத்தின் பக்கவாட்டுக் குமிழின் படமும், பக்கத்தில் இரண்டு பல்புகளும் இருந்தன. வகுப்புக்கு ஓடி வந்து குமிழைத் திருப்பினேன். உள்ளேயே உட்கார்ந்திருந்த மாற்று பல்பு நகர்ந்து வந்து எரிந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் முதல் பெஞ்சில் மாணவர்களோடு நெருக்கி உட்கார்ந்து, "அப்பாடா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நடத்துங்கம்மா" என்று மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தார்.

ஆறு வாரம் முடிந்து செங்கல்பட்டுக்குப் போனபோது, தொண்டைக்குள் கண்ணாடி போன நேரம் முழுவதும் நான் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படாமல் விளக்கை அணைத்தார்.

"நல்லா வடிஞ்சிருக்கு. டெஸ்ட் எதுவும் வேண்டாம். எங்க, 'ஆ' சொல்லுங்க."

பயந்துகொண்டே சொன்னேன். மெல்லிசாக, யாரோ ஒருவருடைய குரல் மாதிரி வந்தது. கணவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம்தான் பேசலாம் என்றார் டாக்டர். பஸ் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அன்றைய அரை மணியை முடித்துவிட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. "மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு" என்று கணவர் சொல்லிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது.

தேர்வில் அறிவியலில் ஒருவர்கூடத் தவறவில்லை. முடிவு வந்த அன்று தலைமையாசிரியர் எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றிருந்தார். கையில் மாற்று பல்புக்கு எழுதிய ஆர்டர் கடிதம். இரண்டு கேட்டிருந்தார்.