மெத்து நுரையா, கெட்டி நுரையா?

நுரை விற்கிற தொழிலில் முதல் தொல்லை, நாம் சோப்புத் தூள் விற்க வந்திருக்கிறோம் என்று எல்லா வீட்டிலும் நினைத்துக்கொள்வதுதான். "எங்க வூட்ல சோப்பு கீதுபா" என்று பாதிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வீடு வீடாகப் போய் எதையாவது விற்றுப் பார்த்த சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஆட்கள் ஷெட்டுகளுக்கும் குளிர்பதன அறைகளுக்கும் நுரை அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு டிரம்மில் இரண்டு திரவம். இரண்டையும் ஒரு துப்பாக்கியில் சேர்த்துப் பீய்ச்சினால், கூரையில் பட்டதும் பூரி மாதிரி உப்பி அப்படியே இறுகிவிடும். வெயில் உள்ளே இறங்காது. வாடகை ரூம் கட்டி சிமென்ட் ஷீட் போட்டவர்கள் ஊர் முழுக்க இருப்பதைப் பார்த்ததும், எங்கள் முதலாளிக்கு வீட்டு வியாபாரத்தில் ஆசை வந்துவிட்டது. பையில் இரண்டு துண்டுகளைப் போட்டு என்னை அனுப்பினார். ஒன்று மெத்து: பஞ்சு மாதிரி இருக்கும், விலை குறைவு, சத்தத்தை அடக்கும், ஆனால் தண்ணீரைக் குடிக்கும். இன்னொன்று கெட்டி: பலகை மாதிரி இருக்கும், தண்ணீர் ஏறாது, மெல்லிசாக அடித்தாலே வெயிலை நன்றாகத் தடுக்கும், விலை மட்டும் சுடும்.

தலையணைப் பரீட்சை

இந்த இரண்டு துண்டுகளையும் காட்டினால் மனிதர்கள் செய்யும் முதல் காரியம் அமுக்கிப் பார்ப்பது. கத்தரிக்காய் வாங்குவதுபோல் அமுக்குவார்கள். நான் கூரைச் சூட்டைப் பற்றிப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருப்பேன், அவர்கள் விரல் அதன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

தண்டலத்தில் புதிதாக வீடு கட்டிய ஒரு பெரியவர் அதோடு நிற்கவில்லை. கெட்டித் துண்டைத் தரையில் போட்டு ஏறி நின்றார். மெத்துத் துண்டைத் தலைக்கு வைத்து ஹாலிலேயே மல்லாந்து படுத்தார். பிறகு மாற்றி வைத்துப் படுத்தார். "சார், இது கூரைக்கு" என்றேன். எழுந்திருக்காமலேயே சொன்னார்: "தெரியும்பா. ஆனா நாங்க மொட்ட மாடிலதான் படுக்கறது. கெட்டிய அடிச்சா கழுத்து இன்னாத்துக்கு ஆவும்?"

விற்பவன் வீடு

இனி என் வீட்டுக்கு வருவோம். ஒரகடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஓனர் எஸ்தர் அக்காவின் மாடியில், சிமென்ட் ஷீட் போட்ட ரூம். நான், திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊரிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வந்த செல்வம், இன்னும் இரண்டு பேர். செல்வத்துக்கு பிரஸ் ஷாப்பில் வேலை, தகட்டை வைத்துக் கையை எடுத்தால் மேலிருந்து மெஷின் இறங்கும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட். நைட் வாரத்தில் அவன் பகலில் தூங்க வேண்டும். அந்த ஷீட்டுக்குக் கீழே பகலில் அப்பளம் பொரியும், மனிதன் தூங்க முடியாது.

தூக்கமில்லாமல் போய் மெஷின் முன்னால் நின்றபடியே கண் அசந்திருக்கிறான். சூப்பர்வைசர் தோளைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் விரல்கள் தகட்டோடு போயிருக்கும். "இன்னொரு வாட்டி கண்ண மூடிப் பாத்தேன், நீ வேலைக்கே வர வேணாம்" என்று எச்சரித்து அனுப்பியிருந்தார். செல்வம் ரூமுக்கு வந்து இதை என்னிடம் சொன்னான். அவன் என் பையை எட்டி உதைத்தான்: "ஏலே, ஊர்க்காரனுக்கெல்லாம் குளுமைய விக்கே, நம்ம மண்டைக்கு மேல மட்டும் அடுப்பு எரியுதுலே!"

ஐஸ் ஆராய்ச்சி

ஓனரிடம் விற்பது போன்ற கொடுமை உலகத்தில் இல்லை. நாம் எந்த நேரம் குளிக்கிறோம், எத்தனை வாளி, எல்லாம் தெரிந்தவரிடம் எந்த முகத்தோடு 'மேடம்' போடுவது? எஸ்தர் அக்கா இரண்டு துண்டுகளையும் வாங்கி அமுக்கினார். நம்பவில்லை. தானே சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி, சைக்கிள்காரரிடம் இரண்டு பால் ஐஸ் வாங்கி, மாடி வெயிலில் ஒன்றை மெத்துக்கு அடியிலும் ஒன்றைக் கெட்டிக்கு அடியிலும் வைத்து மூடினார்.

கீழே போய் மீன் கழுவிக் குழம்பு வைத்து, சாப்பிட்டு, ஒரு சீரியலும் பார்த்துவிட்டு ஏறி வந்தார். இரண்டுமே குச்சியாகக் கிடந்தன, எறும்புகள் திருவிழா நடத்திக்கொண்டிருந்தன. கெட்டிக்கு அடியில் இருந்தது கட்டாயம் பின்னால்தான் உருகியிருக்கும் என்று எவ்வளவோ வாதாடினேன். "முன்ன பின்ன இன்னாபா? எனுக்கு ரெண்டு ஐஸும் பூட்ச்சு" என்று குச்சிகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பாதியில் நின்ற திட்டு

எந்தச் சேல்ஸ்மேனாலும் முடியாததை ஒரு தண்ணீர்க் குழாய் செய்தது. ஒரு நாள் உச்சி வேளையில் மாடிக் குழாயை யாரோ திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சந்தேகமில்லாமல் நான்தான். அக்கா கொதித்துப்போய் ஏறி வந்து, ரூமுக்குள் நுழைந்து, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு விழித்தபடி கிடந்த செல்வத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் லாரி வந்து எவ்வளவு நாளாச்சு என்பதில் ஆரம்பித்தார். அவர் திட்ட ஆரம்பித்தால் திருநெல்வேலி வரைக்கும் போய்த்தான் திரும்புவார். அன்றைக்குப் பாதி வழிகூடப் போகவில்லை. முகம் சிவந்து, ஜாக்கெட் நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

செல்வம் ஈரத்துண்டைக் கொடுத்தான். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "ஏசப்பா, நின்னு திட்டக்கூட முடியலியே, நீ எப்டிப்பா இதுல தூங்கற? சாயங்காலம் உன் ஃப்ரெண்ட வந்து பாக்கச் சொல்லு."

முதலாளியின் மெத்து

அக்கா சரி சொன்னதும் முதலாளி குதூகலமானார். குடோனில் மெத்து டிரம்கள் காலாவதிக்குக் காத்துக் கிடந்தன. "நாளைக்கே அடிச்சிடலாம், மெத்துன்னு சொல்லிடு" என்றார். கெட்டி என்றால் புது டிரம் வர வேண்டும், செல்வத்தின் அடுத்த நைட் வாரம் அதற்குள் வந்துவிடும். செல்வத்துக்கோ எதை அடித்தாலும் சரி, நாளைக்கே அடித்தால் போதும். ஆனால் எங்கள் ஷீட், போல்ட் போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒழுகும். அடியில் மெத்து நுரையை அடித்தால் முதல் மழையிலேயே அத்தனையையும் குடித்துவிட்டு எங்கள் தலைக்கு மேல் ஊறிக்கொண்டு நிற்கும். அக்கா கேட்டபோது, மெத்துத் துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து காட்டினேன். கெட்டி என்று முடிவாகிவிட்டது. முதலாளி என்னை நிற்க வைத்துக் கேட்டார்: "யோவ், நீ எனக்கு சேல்ஸ்மேனா, அந்தம்மாவுக்கு வாடகக்காரனா?"

இரண்டும்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு புது டிரம்முக்கு ஆர்டர் எழுதினேன்.

கோயிலில் ஒரு தூக்கம்

டிரம் வரும்வரை செல்வத்தை எங்கே படுக்க வைப்பது? நான்தான் தாமதத்துக்குக் காரணம் என்பதால் அந்த வாரம் முழுக்க எனக்கும் தூக்கம் போய்விட்டது. அக்கா தங்கள் சர்ச்சில் பேசி ஏற்பாடு செய்தார். உயரமான கட்டடம், தடித்த சுவர், வார நாளில் ஈ காக்கா கிடையாது. செல்வம் நெற்றியில் திருநீறு கலையாமல் கடைசி பெஞ்சில் நீட்டிப் படுத்தான். தப்பாகிவிடுமோ என்று பயந்து, வாசல் பெருக்கும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் பெருக்குவதை நிறுத்தவே இல்லை: "தூங்கட்டும்பா. ஞாயித்துக்கெழம வர்றவங்க மட்டும் இன்னா பண்றாங்களாம்?"

அடித்த நாள்

கடைசியில் கெட்டி வந்தது. துப்பாக்கி பிடிக்கிறவர் எங்கள் பாபு அண்ணன். முகமூடி மாட்டிக்கொண்டு, ரூமைக் காலி செய்யச் சொல்லி, அன்று முழுக்க யாரும் உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். பாய், பெட்டி, பக்கெட் எல்லாவற்றையும் இறக்கினோம். கொடியில் தொங்கிய செல்வத்தின் யூனிஃபார்ம் சட்டையை மட்டும் எல்லோரும் மறந்தோம். இந்த நுரை ஒட்டினால் ஒட்டியதுதான், அதைத் தோலிலிருந்து எடுக்கக்கூட வழியில்லை. சட்டை இரண்டு கைகளையும் விரித்தபடி அப்பளம்போல் நின்றது. அண்ணன் அதை வெளியே கொண்டுவந்ததும், செல்வம் வாங்கிக்கொண்டு எந்தச் சோப்புப் போடலாம் என்று கேட்டான். பாபு அண்ணன் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தொவைக்காத நைனா, கதவா மாட்டிக்கோ."

ஒரே ஷிப்ட்காரருக்கு மட்டும்

நுரைக்கு மேல் நெருப்புப் பிடிக்காமலிருக்க ஒரு பூச்சும் பூசிக் காய்ந்த பிறகு செல்வம் உள்ளே படுத்தான். சும்மா சொல்லக்கூடாது, சாயங்காலம் வரைக்கும் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவன் வாய் திறந்து தூங்குவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் உருப்படியாக ஒன்றை விற்றிருக்கிறேன் என்று மார் நிமிர்ந்தது.

அக்காவும் பார்த்தார். பகலில் தூங்க முடிகிற ரூம் என்றால் அது ஒரு ரூம் இல்லை, இரண்டு ரூம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பகலுக்கு நைட் ஷிப்ட் பையன்கள், ராத்திரிக்குப் பகல் ஷிப்ட் பையன்கள் என்று பாயோடு பாய் ஒட்ட ஆள் சேர்த்தார். வாரம் மாறி வாரம் ஷிப்ட் மாறுகிறவனுக்கு இடமில்லை, ஒரே ஷிப்டில் இருப்பவன்தான் இருக்கலாம். நான் பகல் வேலைக்காரன், தப்பித்தேன். செல்வம் வேறு ரூம் தேடி சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் அலைந்தான். எல்லாம் ஷீட். குளுமையில் தூங்கிப் பழகிய உடம்பு மறுபடி அடுப்புக்குள் போகாது என்றுவிட்டது. நேரே சூப்பர்வைசரிடம் போய், தன்னை நிரந்தரமாக நைட் ஷிப்டில் போடச் சொல்லிக் கேட்டான். ராத்திரி தூங்குகிறான் என்று வேலையை விட்டு அனுப்பப் பார்த்த அதே மனிதர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் நைட்டு வேணாம்னு கால்ல வுழுறான், உனுக்கு வூட்ல எதுனா பிரச்சனையாப்பா?" என்று கேட்டிருக்கிறார். செல்வம் சொன்னானாம்: "வீடு நல்லாருக்கு சார். அதான் பிரச்சினை."

நைட் ஷிப்ட் கிடைத்தது, எங்கள் ரூமில் பகல் பாயும் கிடைத்தது, அவன் விரலும் வேலையும் பிழைத்தன. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பகலில்தான் தூக்கம் வந்தது. எனக்கு அது வருத்தம்தான், இப்போதும் வருத்தம்தான்.

மெத்தா கெட்டியா என்று இன்றும் யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கெட்டி என்பேன், ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடித்த மறுநாள் ஓனர் வந்து "எப்டிபா கீது?" என்று கேட்டால், ஒரு விசிறியை எடுத்து வீசிக்கொண்டே பதில் சொல்லவும்.