பொங்கலன்று அறுத்த கயிறு

மாட்டுப் பொங்கல் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள்.

பாகூர் ஏரிக்குக் கீழே என் பண்ணை. ஏழு மாடு, ஒரு கன்று, சீமைக்குத் திரும்பிய பிரெஞ்சு துரையிடம் வாங்கிய பெண் குதிரை ராணி. காலையில் நல்ல வெயில். மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொன்னம்மா எல்லாவற்றுக்கும் மஞ்சள் தடவிய புதுக் கயிறு கட்டினாள். குதிரைக்குமா என்று கேட்டேன்.

"அதுவும் நம்ம வூட்டு சீவன்தானே ஐயா. கயித்த மட்டும் தாண்டாதீங்க. ஆகாது!"

சிரித்தேன். சகுனத்தையும் சாங்கியத்தையும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் மூன்று வாரமாகக் கிழித்துத் தொங்கவிட்டவன் ஆயிற்றே!

மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிறேன் — வானம் கறுத்துவிட்டது. தை மாதத்தில் புயலா? யார் எதிர்பார்த்தார்கள்? ஊசியாய்க் குத்தும் குளிர்காற்று, பின்னாலேயே மழை. சாயங்காலத்துக்குள் ஏரி வாய்க்கால் உடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்துவிட்டது.

நானும் பொன்னம்மாவும் ஓடினோம். தொடையளவு தண்ணீர். ராணி பின்னங்காலால் சுவரை உதைக்கிறது. குட்டையாகக் கட்டிய கன்றுக்கு மூக்கு மட்டும்தான் வெளியே. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தால்... நனைந்து ஊறிய புதுக் கயிறு, கல்லாக இறுகிக் கிடக்கிறது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினேன். கன்றின் கயிற்றில் வைத்தேன். அறுக்கவில்லை.

ஏன்? மாட்டுப் பொங்கலன்று கட்டிய கயிற்றை அன்றைக்கே அறுத்தால் அந்த வீட்டில் மாடு தங்காது என்பார்கள் எங்கள் பக்கத்தில். சின்ன வயதில் கேட்டது. என்னைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை ஐயா, கைக்குள்ளேயே இருந்திருக்கிறது! ஏறுகிற தண்ணீரைவிட அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

"இன்னா ஐயா, பாத்துக்கினு நிக்கிறீங்க? கன்னு சாவுது! குடுங்க இப்டி!"

பொன்னம்மா அரிவாளைப் பிடுங்கினாள். கன்றில் தொடங்கி, சரக் சரக்கென்று ஒன்பது கயிறும் போயின. ராணி வெளியே பாய்ந்தது. மாடுகள் அதன் பின்னால் மேட்டுக்கு ஏறின. கன்றை அவளே தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நான்? வெறுங்கையோடு பின்னால் நடந்தேன்.

மறுநாள் அறுந்த கயிறுகளை அள்ளிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

நான் யாரிடம் கேட்பது? மூன்று வாரமாக என்னை நம்பிப் படித்த உங்களிடம்தான்.